நிமிஷத்துக்குப் பன்னெண்டு

மழை வேண்டும் என்று கிரேஸ் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். நாஷ்டா கடை வைத்துப் பிழைக்கிற எந்தப் பொம்பளையும் ஐப்பசி மாதத்தில் இப்படி ஒரு ஜெபம் பண்ண மாட்டாள். ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில், கம்பெனி பஸ்கள் நின்று ஆளேற்றுகிற இடத்தில்தான் அவளுடைய தள்ளுவண்டி. மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாய்க்குள் நாலு பேர் ஒண்ட முடியாது. மாவு புளித்துப் போகும், வடகறி மிஞ்சிப் போகும், மிஞ்சியதை மூன்று வேளையும் வீட்டில் தின்று தீர்க்க வேண்டும். போன வருஷம் வரைக்கும் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தவள்தான். இந்த வருஷம் இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே, "கர்த்தரே, கொட்டித் தீர்த்துடு, இஸ்கூலுக்கு லீவு உட்டுடணும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைகள் தினத்தன்று பள்ளிக்கூடத்தில் விழா. மழை வந்தால் விழா நடக்காது. விழா நடக்காவிட்டால் அவள் மகள் ஷைனி மேடை ஏற மாட்டாள். ஷைனி மேடை ஏறாவிட்டால் வீடு தப்பித்தது. கிரேஸின் கணக்கு அவ்வளவுதான்.

மற்ற வருஷங்களில் இந்த விழா ஒரு பெரிய விஷயமே இல்லை. நாலு பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடும், இரண்டு பிள்ளைகள் நேரு மாமாவைப் பற்றிப் பேசி நடுவில் மறந்துபோய் அழும், ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்து அனுப்புவார்கள். இந்த வருஷம் மெஹர்னிசா டீச்சர் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். பழவேற்காட்டுப் பெண். எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறவள். விழாவைப் பிள்ளைகளே நடத்த வேண்டும், அதை நடத்துவதுதான் பாடம் என்று சொல்லிவிட்டாள். மேடைக்கு எத்தனை பெஞ்சு என்று அளந்து போடுவது கணக்கு. மைக் ஏன் கூவுகிறது என்று கண்டுபிடிப்பது அறிவியல். பாட்டு எழுதுவது தமிழ். நிகழ்ச்சியைச் சொல்லி அழைப்பது இங்கிலீஷ். ஊரில் யார் யார் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று விசாரித்து வருவது சமூக அறிவியல். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் நடக்கிற ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு வந்து மேடையில் காட்ட வேண்டும். அதுதான் திறமை.

ஷைனிக்குக் கணக்கு என்றாலே வயிற்று வலி. மெய்யாகவே வயிற்று வலி. பரீட்சைக்கு முந்தின நாள் ஓமத் தண்ணி வைத்துக் கொடுக்காமல் தூங்க மாட்டாள். பாடத் தெரியாது, ஆடவும் கூச்சம். நாஷ்டா கடை வேலையைக் காட்டேன் என்று கிரேஸ் சொன்னதற்கு, "அய்ய, இட்லி சுடுறத எவன்மா பாப்பான்?" என்று உதட்டைச் சுழித்துவிட்டு அப்பாவிடம் போனாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

தாவீது கண்டிகைப் பக்கம் ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன். கான்ட்ராக்ட் ஆள்தான், ஆனாலும் எட்டு வருஷத்துக் கை. அன்று காலை ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, மிஞ்சின வடகறியில் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். ஷைனி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நைனா, நீ கம்பெனில இன்னா செய்வ? செஞ்சி காட்டு."

"தகட்ட வெப்பேன், அமுக்குவேன், எடுப்பேன். அதுல இன்னா கீது காட்டுறதுக்கு?"

"சும்மா காட்டு நைனா. டீச்சர் கேட்டாங்க."

எட்டு வருஷத்தில் அவன் வேலையைப் பற்றி அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டதும் மனுஷனுக்குக் குளிர்ந்துபோயிற்று. எழுந்து உட்கார்ந்தான். எண்ணெய் டப்பா மூடி இரண்டை எடுத்துக் கட்டில் ஓரத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தான்.

"இது ரெண்டும் பட்டனு. புதுசுல ரெண்டு கையாலயும் அமுக்குவோம். அப்ப நிமிஷத்துக்கு ஏழு பீஸ் வரும். கை பழகிட்ச்சின்னு வெச்சிக்கோ, அப்பால எடது பக்கத்து பட்டன அமுங்கின மாதிரியே கட்டிடுவோம். வலது கையி அமுக்கிக்கினே இருக்கும், எடது கையி உள்ள பூந்து வெச்சி எடுத்துக்கினே இருக்கும். பன்னெண்டு வரும். பாரு."

கண்ணை மூடிக்கொண்டே செய்து காட்டினான். வலது கை அழுத்தும்போது இடது கை வெளியே. வலது கை எழும்போது இடது கை உள்ளே. ஷைனி வாயைப் பிளந்து பார்த்தாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கிரேஸும் பார்த்துச் சிரித்தாள். அப்பனும் மகளும் இப்படி ஒன்றாக உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. அந்த இடது கையின்மேல் அவளுக்கு அப்போது கண் போகவில்லை.

கண் போனது ஒரு வாரம் கழித்து. ஷைனி பள்ளிக்கூடத்து ரிப்பனைத் தலையிலிருந்து அவிழ்த்து, இடது பக்கத்து மூடியை ஸ்டூலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, வாயால் தாளம் போட்டபடி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். தாவீது செய்த மாதிரியே, ஒரு மயிரிழை பிசகாமல்.

எபினேசருக்குக் கை போனது அந்த வேலையில்தான்.

அவனும் அதே லைனில் தாவீதுக்கு அடுத்த மிஷினில் நின்றவன். அவன் மனைவி மெர்சியும் கிரேஸும் ஒரே சபை. காலையில் கடைக்கு வந்து சட்னி அரைத்துக் கொடுத்துவிட்டு இரண்டு இட்லி தின்றுவிட்டுப் போவாள், தாவீதை அண்ணே என்றும் இவளை அண்ணி என்றும் வாய் நிறையக் கூப்பிடுவாள். ஆடி மாதத்தில் ஒருநாள் மிஷின் எபினேசரின் இடது கையை வாங்கிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

பட்டன் இரண்டு வைத்திருப்பதே கைக்காகத்தான். இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால்தான் மேல் டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். அப்போது உள்ளே கை இருக்க வழியில்லை. ஆனால் கம்பெனி கேட்கிற எண்ணிக்கை பன்னிரண்டுக்குத் தோதாகப் போட்டது, ஏழுக்கு அல்ல. பட்டனைக் கட்டு என்று சூப்பர்வைசர் கோபால் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஷிப்டு ஆரம்பிக்கும்போது சைக்கிள் டியூபில் அறுத்த ரப்பரை ஒவ்வொரு மிஷின் மேலேயும் வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

எபினேசருக்கு அடிபட்ட அன்றைக்கே எல்லா ரப்பரும் மாயமாகிவிட்டன. எச்.ஆர். அருணாச்சலம் சார் லைன்காரர்களை ஒவ்வொருத்தராக ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். தாவீதும் போனான். "எங்க லைன்ல யாரும் பட்டன கட்டுறது இல்ல சார். அவன் அன்னிக்கு எதுக்குக் கட்டுனான்னு தெரில" என்று சொல்லிவிட்டு வந்தான். அப்படிச் சொல்லச் சொன்னது கிரேஸ்தான். வேலை போனால் இன்னொரு கம்பெனியில் சேர்க்க மாட்டார்கள், கான்ட்ராக்டர்கள் எல்லாரும் ஒரே போனில் பேசிக்கொள்கிறவர்கள் என்று அவள்தான் பயந்தாள். தாவீதுக்கு அதற்குமேல் பயம்.

தவறு எபினேசருடையது என்று சொல்லிக் கம்பெனி கையைக் கழுவிவிட்டது. மெர்சி பொன்னேரியில் ஒரு வக்கீலைப் பிடித்து அலைந்துகொண்டிருந்தாள். லைன்காரர் ஒருத்தர் வந்து, எல்லாரும் கட்டித்தான் ஓட்டுவோம் என்று சொன்னால் போதும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இரண்டு தடவை வீட்டுக்கு வந்து தாவீதைக் கேட்டாள். இரண்டு தடவையும் கிரேஸ் காப்பி கொடுத்தாள், தாவீது தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாம் தடவை மெர்சி வரவில்லை. சபையில் எதிர்ப்பட்டால் கிரேஸ் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வாள். ஷைனிக்கு இதொன்றும் தெரியாது. மிஷின் கோளாறில் எபி மாமாவுக்கு அடிபட்டது என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஒத்திகையைப் பார்த்த அன்று சாயங்காலம் ஷைனி தண்ணீர் பிடிக்கப் போன நேரமாகப் பார்த்து கிரேஸ் புருஷனைப் பிடித்தாள்.

"இன்னாங்க செஞ்சி வெச்சிக்கிறீங்க? அது ரிப்பன வெச்சி கட்டிக் காட்டுது. பன்னெண்டு பன்னெண்டுன்னு பாட்டு பாடுது."

தாவீது முதலில் விளங்காமல் பார்த்தான். பிறகு விளங்கிற்று.

"அவ கேட்டா, காட்டுனேன். எனக்கு வேற மாதிரி செய்யத் தெரியாதுமே. கை அப்டித்தான் போவுது."

"விழாவுக்கு பந்தலு, மைக் செட்டு எல்லாம் உங்க கம்பெனிதானாம். அந்த அருணாச்சலம் சாருதான் தலைமையாம். மெர்சி பொண்ணும் அதே இஸ்கூல்லதான் படிக்குது, அவளும் வருவா. தெரியுமா உங்களுக்கு?"

"அன்னிக்கு ஜொரம்னு சொல்லி படுக்க வெச்சிடு."

"அதுக்கு ஜொரம்னு சொல்லி படுக்க வெக்கணும்னா அதுங்கிட்ட காரணம் சொல்லணும். இன்னான்னு சொல்ல? உங்க நைனா பொய் சொல்லிட்டாருன்னு சொல்லவா?"

"நீதான் சொல்லச் சொன்ன."

"ஆமா, நான்தான் சொன்னேன்."

ஷைனி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னாமா, ரெண்டு பேரும் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை வியாபாரம் ஓய்ந்ததும் கிரேஸ் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மெஹர்னிசா டீச்சர் வகுப்பறைத் தரையில் சார்ட் பேப்பரை விரித்துப் போட்டுப் பிள்ளைகளோடு பிள்ளையாகக் குந்தியிருந்தாள். கையெல்லாம் ஸ்கெட்ச் மை.

"வாங்கம்மா, வாங்க. நீங்கதானே ஷைனி அம்மா? நானே உங்களப் பாக்கணும்னு இருந்தேன்."

"டீச்சர், பாப்பாவுக்கு வேற எதனா குடுங்களேன். வரவேற்புல நிக்கட்டும், பூ குடுக்கட்டும். அது மேடையெல்லாம் ஏறாது டீச்சர், பயப்படும்."

"ஷைனியா பயப்படுவா? நல்லா சொன்னீங்க போங்க." டீச்சர் எழுந்து சார்ட்டைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு கோடுகள் ஒரு மூலையிலிருந்து கிளம்பி மேலே ஏறின. ஒன்று தாழச் சாய்ந்து, மற்றொன்று அதைவிட நிமிர்ந்து. "இது ஏழு, இது பன்னெண்டு. யார் போட்டதுன்னு நினைக்கிறீங்க? உங்க பொண்ணு. விகிதம்னு ஒரு பாடம்மா. தொண்டை கிழியக் கத்தினேன், ஒருத்தருக்கும் ஏறல. இவ எழுந்து, டீச்சர், புதுசா வந்தவங்க ஏழு, கை பழகினவங்க பன்னெண்டு, அப்ப ஒரு ஷிப்டுக்கு எவ்ளோ வித்தியாசம்னு கேட்டா. அவளே கேட்டு அவளே போட்டா. கணக்கு பீரியடுல வயித்த புடிச்சிக்கிட்டு படுத்துக்கிற பொண்ணும்மா அது."

மகளைப் பற்றி ஒரு டீச்சர் நல்லபடியாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. கேட்கிறபோது இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று ஆற்றாமையாக இருந்தது.

"அந்த கட்டுறது மட்டும் வேணாம் டீச்சர். ரெண்டு கையாலயே செய்யட்டும்."

"ஏம்மா? அதுதானே அழகே. பத்து பேரு செய்ய முடியாத வேலைய உங்க வீட்டுக்காரர் எவ்ளோ லாகவமா செய்யறாரு!"

ஏன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. டீச்சரின் முகத்தில் ஒரு கபடும் இல்லை, சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் சுற்றிலும் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேரின் அப்பன்மார் அதே கம்பெனி. சொல்லிவிட்டால் மேடை ஏறாமலேயே ஊர் முழுக்கப் போய்விடும். "ஒன்னுமில்ல டீச்சர், சும்மாதான்" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள்.

வீட்டில் மகளையே கேட்டுப் பார்த்தாள்.

"ஏண்டி, ரெண்டு கையாலயே செஞ்சிட்டு எறங்கிடேன். பாக்க அதுதான் லட்சணமா கீது."

"அப்ப கணக்கு தப்பாயிடும்மா. சார்ட்டுல பன்னெண்டுன்னு போட்டுக்கிறேன். யாசரு பன்னெண்டுக்குத்தான் டிரம்மு அடிக்கிறான். பாட்டும் அந்தத் தாளத்துக்குத்தான் எழுதிக்கீறாங்க. இர்பானா இங்கிலீஷ்ல அத்தத்தான் சொல்லப் போறா. நான் மாத்துனா எல்லார்தும் போய்டும். எல்லாம் ஒன்னோட ஒன்னு கட்டிக் கீதுமா."

டீச்சர் அப்படித்தான் அதைக் கட்டியிருந்தாள். ஒரு பொய்யை நுழைக்க எங்கேயாவது இடுக்கு இருக்குமா என்று கிரேஸ் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது மழை ஒன்றுதான்.

மழையும் வந்தது. வந்து ஆசை காட்டிற்று. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செல்போனில் எல்லாரும் படம் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். விழாவுக்கு முந்தின இரண்டு நாளும் விடாமல் அடித்தது. வண்டியின் தார்ப்பாய் கிழிந்து, ஒரு ஏனம் மாவு மழைத் தண்ணீரோடு போயிற்று. சாலை ஓரத்துப் பள்ளங்களில் லாரிகள் தண்ணீரை வாரி இட்லிப் பானைமேல் இறைத்தன. கிரேஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெய்யட்டும், பெய்யட்டும்" என்றாள். பக்கத்துப் பழக்கடைக்காரர் இவளுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். ஷைனி அழுதாள். பிள்ளை அழ அழ உள்ளுக்குள் சந்தோஷப்படுகிற ஒரு தாயாக ஆகிவிட்டோமே என்று கிரேஸுக்கும் அழுகை வந்தது.

தாழ்வு மண்டலம் நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது. குழந்தைகள் தினத்தன்று காலையில் வெயில் கழுவிவிட்ட மாதிரி அடித்தது.

அன்று ஷிப்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று தாவீது நினைத்திருந்தான். கோபால் சூப்பர்வைசர் அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டார். "உன் பொண்ணு ஏதோ புரோகிராம் குடுக்குதாமே! சார் சொல்லிட்டாரு, புள்ளைங்க படிக்கிறவன்லாம் பஸ்ல வந்துடணும். போட்டோ எடுக்கணும்." இப்படித்தான் கம்பெனி பஸ்ஸிலேயே, யூனிபார்மோடு, கல்யாணத்துக்குக் கூட்டிவந்த ஆள்போல அவன் வந்து இறங்கினான்.

பந்தலுக்கு அடியில் இன்னும் ஈரம். முன் வரிசையில் நாற்காலிகள். நடுவில் அருணாச்சலம் சார், அவருக்குப் பக்கத்தில் தலைமை ஆசிரியர், ஓரத்தில் கோபால். பின்னால் பெஞ்சுகளில் பெற்றவர்கள். மெர்சி தூண் பக்கம் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரேஸ் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

விழா நன்றாகத்தான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் கிரேஸ் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஒரு பையன் ஈரத் துணியை வைத்துப் பரோட்டா வீசினான். மாவு ஏன் இழுபடுகிறது என்று இன்னொருத்தன் விளக்கினான். மைக் கூவியதும் இரண்டு பெண்கள் ஓடிவந்து ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து, எதனால் கூவிற்று என்று சபைக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தி அம்மாவின் இறால் உரிக்கும் வேலையைப் பாட்டாகவே பாடினாள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். டீச்சர் மேடை ஓரத்தில் நின்று, பிள்ளைகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் தானும் வாயைத் திறந்துகொண்டிருந்தாள்.

இர்பானா வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பிறகு தமிழில், "புதிய தொழிலாளி, அனுபவத் தொழிலாளி. எங்கள் ஊர்க் கம்பெனி வேலை. வழங்குவது ஷைனி" என்றாள். தாவீது கிரேஸின் கையைப் பிடித்துக்கொண்டான். பத்துப் பேர் மத்தியில் அவள் கையை அவன் பிடித்ததே கிடையாது.

மேடையில் டெஸ்க்கில் இரண்டு மஞ்சள் மூடிகள். ஷைனி அப்பாவின் பழைய யூனிபார்ம் சட்டையை மடித்துப் போட்டிருந்தாள். முதலில் இரண்டு கையாலும் அழுத்தினாள். யாசர் மெதுவாக டிரம் அடித்தான். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணி ஏழில் நிறுத்தினார்கள். பிறகு ஷைனி சபையைப் பார்த்துச் சிரித்தாள். தலையிலிருந்த ரிப்பனை உருவினாள். இடது பக்கத்து மூடியைச் சுற்றி இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.

பெஞ்சுகளில் யூனிபார்மோடு உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். எவனோ ஒருத்தன் பழக்கதோஷத்தில் களுக்கென்று சிரித்துவிட்டு அடங்கினான். டிரம் வேகம் பிடித்தது. ஷைனியின் வலது கை ஏறி இறங்க, இடது கை உள்ளே போய் உள்ளே போய் வந்தது. பொம்பளைகள் தாளம் போட்டார்கள். எட்டு, ஒன்பது, பத்து என்று பிள்ளைகள் கத்தினார்கள். பன்னிரண்டில் டிரம் நின்றதும் பந்தலே அதிரக் கைதட்டல். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பையன் சார்ட்டைத் தூக்கிப் பிடிக்க, கணக்கு என்றால் வயிறு வலிக்கிற ஷைனி அந்தக் கோடுகளை விளக்கினாள். ஒரு இடத்திலும் திக்கவில்லை.

கிரேஸுக்கு மகளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கைதட்டவும் முடியவில்லை, தட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

அருணாச்சலம் சார் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையை நிறுத்தி, கோபால் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். கோபால் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். தூண் பக்கம் மெர்சி மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து நின்றிருந்தாள்.

பரிசு கொடுக்கிறபோது சார் மைக்கைக் கையில் வாங்கினார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை.

"வெரி குட். யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"எங்க நைனா சார். தாவீது. உங்க கம்பெனிதான் சார்!"

மறுபடி கைதட்டல். சார் பந்தலைத் துழாவி தாவீதைக் கண்டுபிடித்தார். "நல்லா சொல்லிக் குடுத்திருக்காரு" என்று மைக்கிலேயே சொன்னார். ஷைனி கேடயத்தைத் தலைக்குமேல் தூக்கி அப்பனுக்குக் காட்டினாள். தாவீது கையை உயர்த்தினான். பாதி உயர்த்தி இறக்கிவிட்டான்.

விழா முடிந்து கார் கிளம்புவதற்கு முன்னால் கோபால் அவசரமாக வந்தார். "பைத்தியக்காரா, புள்ளகிட்ட போயி... நாளைக்கு ஷிப்டுக்கு வராத. ஆபீசுக்கு வந்து சாரப் பாத்துட்டு கணக்க முடிச்சிக்கினு போ" என்று சொல்லிவிட்டு, வேறு யாரும் கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தபடி போய்விட்டார். தாவீது தலையை மட்டும் ஆட்டினான். எட்டு வருஷம் இவ்வளவு சுலபமாக முடிந்துபோகும் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். கிரேஸ் நினைத்திருந்தாள், தினமும் நினைத்திருந்தாள். நினைத்து வைத்திருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை.

ஷைனி கேடயத்தோடு ஓடிவந்தாள். "அம்மா, டீச்சர் என்ன கட்டிப் புடிச்சிக்கினாங்க தெரியுமா? நைனா, நல்லா செஞ்சனா?"

"நல்லா செஞ்சம்மா" என்றான் தாவீது.

அப்போதுதான் மெர்சி வந்தாள். கிரேஸையும் தாவீதையும் பார்க்காமல் நேராக ஷைனியின் முன்னால் வந்து நின்றாள். கையில் செல்போன் இருந்தது.

"சூப்பரா செஞ்சடி கண்ணு."

"தேங்ஸ் அத்த."

"தூரத்துல குந்திக்கினு இருந்தேனா, சரியா தெரில. எனக்காவ இன்னொரு தபா செய்யிறியா? போன்ல புடிச்சிக்கிறேன். மாமா பாக்கட்டும். இன்னும் சில பேருக்குங் காட்டணும்."

கிரேஸ் குறுக்கே வந்தாள். "மெர்சி, ஊட்டுக்கு வா. அங்க குந்திப் பேசிக்கலாம்."

"ஊட்டுக்கு வந்து ரெண்டு தபா பேசிட்டேன் அண்ணி. நீங்கதான் ஒன்னும் பேசல." மெர்சியின் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டுக் கோபப்பட்டுத் தீர்ந்துபோன குரல் அது. "இன்னிக்கு இந்தக் கொழந்தைக்குத்தான் வாய் இருந்துச்சி."

ஷைனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, செய்யட்டா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதிலை மெர்சியை எதிரில் வைத்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது? சரி என்றால், புருஷன் பேரை வக்கீல் கையில் எழுதிக் கொடுக்கிற மாதிரி. வேலை போய்விட்டது, இன்னும் எதற்குப் பயம் என்று ஒரு மனசு சொல்லிற்று. நாளைக்கு ஆபீசில் காலில் விழுந்தால் மறுபடி எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்வார்கள் என்று இன்னொரு மனசு சொல்லிற்று. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, அது போதும் என்று ஷைனி மேடைக்கு ஓடிவிட்டாள்.

பந்தல்காரர்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். டெஸ்க் இன்னும் மேடையில் இருந்தது. ஷைனி பெஞ்சில் உட்கார்ந்து ரிப்பனைக் கட்டினாள். மெர்சி எதிரில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். இன்னொரு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"செய்யிடி."

டிரம் இல்லை. ஷைனி தானே எண்ணிக்கொண்டு செய்தாள். அவசரத்தில் இடது கை டெஸ்க் ஓரத்தோடு நின்று நின்று திரும்பியது.

"அப்டி இல்லமா."

தாவீதின் குரல். கிரேஸ் திரும்பிப் பார்த்தாள். அவன் மேடைக்குக் கீழே வந்து நின்றிருந்தான். மகளின் கையைத் தவிர வேறெதையும் அவன் பார்க்கவில்லை.

"எடது கையி இன்னும் உள்ள போவணும். மேல டை எறங்குதுல்ல, அதுக்கு நேர் கீழ. அங்கதான் தகடு இருக்கும்."

மெர்சி போனை மெதுவாக அவன் பக்கம் திருப்பினாள். "நீயே காட்டுண்ணே" என்றாள்.

கிரேஸ் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். அவன் இழுக்கவும் இல்லை, உதறவும் இல்லை; சட்டை அவள் பிடியிலிருந்து தானே நழுவிற்று. ஏறிப் போய் மகளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.